ஏற்றத்தை முதலில் அளந்து பாருங்கள்: மலையக டவுனில் சைக்கிளுக்கும் மின் ஸ்கூட்டருக்கும் தரிப்பிடமும் சார்ஜ் இடமும் அமைப்பது எப்படி

ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடையின் பக்கத்துச் சந்து. காலை எட்டரை மணி. ஷட்டரின் அடியால் ஒரு வெள்ளை வயர் வெளியே வந்து, படிக்கட்டில் இறங்கி, ஒரு மின் ஸ்கூட்டரின் சீட்டுக்குக் கீழே போகிறது. பிளக் நனையாமல் இருக்க அதன் மேல் ஒரு ஷொப்பிங் பையைச் சுற்றி, றப்பர் பேண்ட் போட்டிருக்கிறார்கள். ஷட்டர் அழுத்தும் இடத்தில் வயரின் வெள்ளைத்தோல் பிளந்து, உள்ளேயிருக்கும் சிவப்பு தெரிகிறது. ஸ்கூட்டரின் சொந்தக்காரி அந்தக் கடையில் வேலை செய்யும் பிள்ளை. "வேற எங்க அண்ணே போடுறது? வீட்டுக்கு ஏறணுமே" என்றாள்.

அந்தப் பிள்ளைக்கு ஒழுங்கான ஒரு இடம் செய்து கொடுப்பது எப்படி என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ புதிதாக வந்த உறுப்பினர்கள், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், வர்த்தகர் சங்கத்து ஆட்கள், "நம்ம டவுனுக்கு ஏதாவது செய்வோம்" என்று கிளம்பும் இளைஞர் கழகத்தார் ஆகியோரே என் மனதில் இருக்கும் வாசகர்கள். பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. அளவு நாடாவும் கொப்பியும் கையில் இருந்து, நாலு பேரிடம் போய்க் கேட்கக் கூச்சமும் இல்லை என்றால் தொடங்கலாம்.

2022இல் பெட்ரோல் வரிசையில் விடிய விடிய நின்றதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்த பிறகும் வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்ற கணக்கோடுதான் ஓடினோம். மூலையில் கிடந்த சைக்கிள்கள் அப்போதுதான் வெளியே வந்தன. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்தார்கள். அதற்குப் பிறகு மின் ஸ்கூட்டர்கள் கண்ணில் படுவது கூடிக்கொண்டே போகிறது. வண்டிகள் வந்துவிட்டன, அவற்றை நிறுத்தத்தான் இடமில்லை.

முதல் வேலை: தூரத்தை விடுங்கள், உயரத்தைக் கேளுங்கள்

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இந்த வேலையைச் செய்கிறவர்கள் தூரத்தில் தொடங்குவார்கள். மலையகத்தில் அது உதவாது. இங்கே பற்றரியைத் தின்பது ஏற்றம்.

ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டரும் ஓட்டுபவரும் சேர்ந்து 160 கிலோ என்று வைப்போம். 100 மீற்றர் உயரம் ஏற, மோட்டாரில் வீணாகும் சக்தியையும் சேர்த்து, ஏறத்தாழ 0.055 யூனிட் கரண்ட் போகும். சமதரையில் இரண்டு கிலோமீற்றர் ஓடினால் போவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் இரண்டு கிலோமீற்றரைக் கூட்டிக்கொள்ளுங்கள். பின்னால் இன்னொருவர் இருந்தால் இரண்டரையாகக் கூட்டலாம்.

நானுஓயா ஸ்டேஷனிலிருந்து நுவரெலியாவுக்கு எட்டு கிலோமீற்றர் அளவு தூரம், 250 மீற்றர் அளவு ஏற்றம். கணக்குப் போட்டால் பற்றரிக்கு அது 13 கிலோமீற்றர். இறங்கி வரும்போது பெரிதாக ஒன்றும் செலவாகாது. அப்படியானால் சார்ஜ் பண்ணும் இடம் எங்கே வர வேண்டும்? ஏற்றம் தொடங்கும் அடிவாரத்தில், அதாவது நானுஓயாவில். மேலே நுவரெலியாவில் முதலில் தேவைப்படுவது நல்ல தரிப்பிடம். ஆனால் "பெரிய டவுன், அங்கேதான் சார்ஜர் போட வேண்டும்" என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உயரத்தை எழுதிப் பார்த்த பிறகுதான் யோசனை தலைகீழானது.

உயரம் பார்க்கப் போனில் இருக்கும் அல்டிமீற்றர் செயலியே போதும். ஒருமுறை பார்த்து நம்பிவிடாதீர்கள். போகும்போதும் வரும்போதும் பார்த்து, வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணுங்கள், ஆனால் சரியான நாளில்

ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை போய் எண்ணிவிட்டு வந்து திட்டம் போடக்கூடாது. மலையக டவுனுக்கு நாளுக்கொரு முகம் இருக்கிறது. தோட்டத்துச் சம்பளம் போடும் 10ஆம் திகதியை ஒட்டிய சனி ஞாயிறில் கடைத்தெருவில் கால் வைக்க முடியாது. மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களின் பஸ்களும் வேன்களும் ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி எல்லாவற்றையும் நிரப்பிவிடும். ஆகவே சாதாரண வேலைநாள் ஒன்று, சம்பள வாரத்துச் சனி ஒன்று, கொட்டும் மழைநாள் ஒன்று என்று குறைந்தது மூன்று நாள் எண்ணுங்கள். பருவகாலத்தில் இன்னொரு தடவை போனால் நல்லது.

தரிப்பிடத்தில் நிற்கும் வண்டியை எண்ணுவதை விட, தரிப்பிடம் இல்லாத இடத்தில் நிற்பதை எண்ணுவது முக்கியம். விளக்குக் கம்பத்தில் சங்கிலி போட்டுக் கட்டிய சைக்கிள், பாலத்துக் கைப்பிடியில் சாய்த்தது, பேக்கரி வாசலில் நிற்கும் ஸ்கூட்டர். அவற்றைக் கொப்பியில் சின்னப் படமாக வரைந்து, நேரத்தையும் எழுதுங்கள். இரண்டு மணித்தியாலம் கழித்துத் திரும்ப வாருங்கள். அதே வண்டி அதே இடத்தில் நின்றால் அது வேலைக்கு வந்தவருடையது, அவருக்குத்தான் சார்ஜ் வேண்டும். பாண் வாங்க வந்தவருக்குப் பத்து நிமிடம் நிறுத்த இடம் இருந்தால் போதும். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே இடத்தில் போட்டுக் குழப்பினால் இரண்டு பேருக்கும் பிரயோசனமில்லை.

ஆட்களிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். எங்கிருந்து வருகிறீர்கள்? வீடு மேலேயா கீழேயா? வீட்டில் சார்ஜ் போட முடியுமா? மூன்றாவதற்குக் கிடைக்கும் பதிலைக் கவனமாகக் கேட்க வேண்டும். லயத்து வீடுகள் பலவற்றில் வயரிங் பழையது, கூரை ஒழுகும், வண்டியை உள்ளே ஏற்ற வாசலில் இடமிருக்காது. அங்கே இருந்து வருகிறவருக்கு டவுனில் கிடைக்கும் ஒரு பிளக் அடுப்புக்கு விறகு மாதிரி, அது இல்லாமல் நாள் ஓடாது. காசல்ரீயிலும் மவுசாக்கலையிலும் தேங்கும் தண்ணீரில்தான் லக்ஷபானவில் கரண்ட் எடுக்கிறார்கள். பழைய லக்ஷபான நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். அந்தத் தண்ணீரைச் சுற்றியுள்ள லயங்களுக்குக் கரண்ட் வந்து சேர எத்தனை வருடம் ஆனது என்று அங்கிருக்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பிளக்கை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்பது புரியும்.

நிலம் யாருடையது

மலையக டவுன் என்றால் மலைச்சரிவில் வெட்டி எடுத்த ஒரு ரோடும் அதன் இரண்டு பக்கமும் கடைகளும்தான். சும்மா கிடக்கும் நிலம் கிடையாது. இடம் கண்ணில் பட்டதும் முதலில் சொந்தக்காரரைத் தேடுங்கள்.

ஹட்டனுக்குள்ளால் போகும் பிரதான வீதி ஏ7, அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்குப் போவது. ஏ, பீ வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் வருபவை. அதன் ஓரத்தில் ஒரு கம்பி நட வேண்டுமானாலும் அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், நகர சபை தீர்மானம் மட்டும் போதாது. ஸ்டேஷன் முற்றம் புகையிரதத் திணைக்களத்துடையது. சந்தைக் கட்டடமும் பொது பஸ் நிலையமும் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றத்தின் கையில் இருக்கும், அங்கே தொடங்குவதுதான் சுலபம். தோட்ட எல்லைக்குள் என்றால் கம்பனியிடம் பேச வேண்டும். முன்பு பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டமே தடையாக இருந்தது. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்தத் தடை நீங்கியிருக்கிறது. "சட்டத்தில் இடமில்லை" என்று யாராவது சொன்னால் அந்தத் திருத்தத்தைக் காட்டுங்கள்.

மண்வெட்டி வைக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு வாசலும் ஏற வேண்டும். அது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். சரிவை வெட்டித் தட்டையாக்குவது, அணைச்சுவர் கட்டுவது என்று எதுவானாலும் அவர்களின் மண்சரிவு அபாய வரைபடத்தைப் பார்க்காமல் தொடாதீர்கள். 2025 நவம்பரில் டிட்வா புயல் வந்தபோது நமது மலைகள் என்ன பாடுபட்டன என்று தெரியும். இரண்டு சென்ரிமீற்றர் அகலத்தை மிச்சப்படுத்த ஒரு மண்மேட்டின் அடிக்காலை வெட்டுவது பெரும் பிழை. என் கருத்தில், முதல் முயற்சிக்கு மண்ணை வெட்டவே வேண்டாம். ஏற்கெனவே கொங்கிரீட் போட்ட, கூரை உள்ள இடமாகத் தேடுங்கள். சந்தைக் கட்டடத்தின் கீழ்த்தட்டு, நூலகத்தின் பக்கத்து வராந்தா, ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவுக்கு எதிரே உள்ள கொட்டகை மாதிரி.

முச்சக்கரவண்டி ஓட்டும் தம்பிமாரிடம் பேசுவதை மறக்காதீர்கள். இடம் ஒதுக்குவது என்றாலே அவர்களுக்கு, "நம்ம ஸ்டாண்டை எடுக்கப் போறாங்க" என்ற பயம் வரும். அது நியாயமான பயம், அவர்களுடைய சோறு அது. வரைபடம் கீறும் முன்பே போய் ஒரு பிளேன்டீ குடித்துப் பேசுங்கள். அவர்களில் சிலரே மின் ஸ்கூட்டர் வைத்திருப்பார்கள்.

நிறுத்தும் இடத்தின் அளவுகள்

சைக்கிளுக்கு நல்லது, "ப"வைக் கவிழ்த்து நட்ட மாதிரி வளைந்த கம்பி. அதாவது இரண்டு காலும் நிலத்தில், வளைவு மேலே. உயரம் 75 சென்ரிமீற்றர், நீளம் 70 முதல் 100 வரை. ஒரு கம்பிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சைக்கிள் நிற்கும். கம்பிக்குக் கம்பி ஒரு மீற்றர் விடுங்கள். முன் சில்லை மட்டும் செருகும் பழைய மாதிரி வேண்டவே வேண்டாம், சாய்ந்தால் சில்லு வளைந்துபோகும், சட்டத்தைப் பூட்டவும் முடியாது. ஒரு ஊரில் அப்படியொரு ஸ்டாண்டை ஒரு அலுவலகத்தின் பின்பக்கத்தில், வாசலில் இருந்து யார் கண்ணுக்கும் தெரியாத மூலையில் கட்டினார்கள். நான் பார்த்தபோது அதில் ஒரு சைக்கிளும் இல்லை, தரைவிரிப்புகளைக் காயப்போட்டிருந்தார்கள். இடம் கண்ணில் படாவிட்டால், பூட்டவும் முடியாவிட்டால், எவ்வளவு செலவழித்தாலும் ஆள் வராது.

ஜீ.ஐ. பைப் வாங்கும்போது சூட்டு நாகப்பூச்சு (உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த பூச்சு) உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். பெயின்ட் மட்டும் அடித்த இரும்பு இங்கத்தைய ஈரத்துக்கு இரண்டு மழைக்குத் தாங்காது. வெல்டிங் பாஸ் ஒட்டிய இடத்தில் பூச்சு எரிந்துபோகும். அந்த இடத்துக்கு மட்டும் நாகப் பெயின்ட் அடிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஸ்கூட்டர் ஒன்றுக்கு ஒரு மீற்றர் அகலமும் 2.2 மீற்றர் நீளமும் வேண்டும். பின்னால் எடுத்துத் திருப்ப 1.8 மீற்றர் வழி விடுங்கள். ஒரு கார் நிற்கும் 2.5க்கு 5 மீற்றர் இடத்தில் ஐந்து ஸ்கூட்டர் நிற்கும், சைக்கிள் என்றால் பத்து. வர்த்தகர் சங்கத்தில் பேசும்போது இந்த ஒரு கணக்கே போதும்: ஒரு கார்க்காரர் போனால் ஐந்து வாடிக்கையாளர் வருகிறார்கள்.

சரிவான தரையில் வண்டியை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ நிறுத்த வைக்காதீர்கள், ஸ்டாண்ட் மடிந்து உருளும். சரிவுக்குக் குறுக்கே நிற்கிற மாதிரிக் கோடு போடுங்கள். தரைச் சரிவு ஐம்பதுக்கு ஒன்றைத் தாண்டக்கூடாது, தண்ணீர் ஓட அவ்வளவு போதும். நடைபாதையில் வைப்பதென்றால் நடப்பவருக்கு ஒன்றரை மீற்றராவது விட வேண்டும். தலையில் மூட்டையோடும் இடுப்பில் பிள்ளையோடும் வருகிற அம்மாவை ரோட்டில் இறக்கி நடக்கவிட்டு நாம் செய்யும் தரிப்பிடம் வேண்டாம்.

கூரை. வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஹட்டன், நோர்வூட் பக்கத்துக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றுச் சாரல், பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு மார்கழி, தை. இந்த மழை நேராக விழுவதில்லை, காற்றோடு சாய்ந்து வரும். நாலு கால் நட்டு மேலே தகரம் போட்டால் முழங்கால் வரை நனையும். காற்று வரும் பக்கம் எதுவென்று பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டு, அந்தப் பக்கம் மட்டும் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அடைப்புப் போடுங்கள். மற்றப் பக்கம் திறந்தே இருக்கட்டும். பெண்பிள்ளைகள் இருட்டிய பிறகு வண்டி எடுக்க வருவார்கள். உள்ளே நிற்பவரை ரோட்டிலிருந்து பார்க்க முடிய வேண்டும், விளக்கும் எரிய வேண்டும்.

கரண்ட்: இங்கேதான் நிதானம் வேண்டும்

பெரிய வேகச் சார்ஜர் பற்றி யாராவது விலைப்பட்டியலோடு வந்தால், நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். அது காருக்கு. ஸ்கூட்டரோடு வரும் சார்ஜர் எடுப்பது 200 முதல் 400 வாட் வரைதான். 60 வோல்ட், 20 ஆம்பியர்-மணி பற்றரி என்றால் அதில் கொள்வது 1.2 யூனிட். ஆறேழு மணித்தியாலத்தில் நிரம்பிவிடும். காலையில் கடைக்கு வந்து மாலையில் போகும் பிள்ளைக்கு அது தாராளம். மின் சைக்கிள் பற்றரி அதைவிடவும் சின்னது.

பத்து பிளக், ஒவ்வொன்றும் 400 வாட் என்று உச்சமாக வைத்தாலும் மொத்தம் 4,000 வாட். 230 வோல்ட்டில் 18 ஆம்பியருக்குக் கிட்ட. ஒரு சாதாரண 30 ஆம்பியர் ஒற்றைத்தறுவாய் (சிங்கிள் பேஸ்) இணைப்பே தாங்கும். நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், "கரண்ட் வேலை என்றால் இலட்சக்கணக்கில் ஆகும்" என்ற பயத்திலேயே பல திட்டங்கள் கூட்டக் குறிப்போடு நின்றுவிடுகின்றன.

ஆனால் சிக்கனம் பார்க்கக்கூடாத இடங்களும் இருக்கின்றன. தகுதிச் சான்றுள்ள எலக்ட்ரீஷியன்தான் வேலை செய்ய வேண்டும். நீங்கள் அவரிடம் கேட்டு வாங்க வேண்டியவை இவை:

சதுர ஊசி போகும் 13 ஆம்பியர் பிளக், மூடி உள்ளதாக, வெளியிடத்துக்கு உரிய நீர்காப்போடு. சார்ஜர் செருகியிருக்கும்போதும் மூடி மூட வேண்டும், செருகியதும் திறந்தே நிற்கும் மாதிரி பயனில்லை. உயரம் தரையிலிருந்து ஒரு மீற்றர் இருந்தால் தெறிக்கும் தண்ணீர் எட்டாது, சின்னப் பிள்ளைக் கையும் எட்டுவது குறையும்.

ஒவ்வொரு பிளக்குக்கும் தனி 6 ஆம்பியர் பிரேக்கர். ஒருவருடைய சார்ஜர் பழுதானால் மற்ற ஒன்பது பேருக்குக் கரண்ட் போகக்கூடாது.

30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே விழும் ட்ரிப் சுவிட்ச். முடிந்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு. ஈரத்தில் நிற்கும் ஒருவரின் உயிரைக் காப்பாற்றுவது இந்தப் பெட்டிதான்.

எர்த் கம்பி. நமது நாட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் சொந்த எர்த் அடிக்க வேண்டும். மலையில் கொஞ்சம் தோண்டினால் கல் வந்துவிடும், கம்பி பாதியில் நின்றுவிடும். "அடிச்சாச்சு சேர்" என்பதை நம்பாமல், அளவுக் கருவியில் எத்தனை ஓம் காட்டுகிறது என்று பார்த்து எழுதி வாங்குங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் ஆனால் இடி மின்னல். அதற்கு மின்னல் பாய்ச்சல் தடுப்பி ஒன்றும் பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

மல்டி பிளக் எந்த வடிவத்திலும் உள்ளே வரக்கூடாது.

இனி பற்றரி. நெருப்பு பிடிப்பது அரிது, ஆனால் லிதியம் பற்றரி பிடித்தால் வேகமாகப் பிடிக்கும். ஆகவே சார்ஜ் இடத்தை மாடிப்படியின் கீழே, ஒரே வாசல் உள்ள அறைக்குள், துணிக் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். விழுந்து அடிபட்டது, வீங்கியது, தண்ணீரில் முங்கியது ஆகிய பற்றரிகளைச் சேர்க்காதீர்கள். நீண்ட ஏற்றம் ஏறி வந்த வண்டியை உடனே செருகாமல் அரைமணி ஆறவிடச் சொல்லுங்கள். நுவரெலியாவில் தை, மாசி விடியற்காலைகளில் புல்லில் உறைபனி விழும். உறைநிலைக்குக் கீழே லிதியத்தைச் சார்ஜ் பண்ணினால் பற்றரிக்குள் நிரந்தரச் சேதம் ஆகும். அங்கே திறந்தவெளிச் சார்ஜை காலை எட்டு மணிக்குப் பிறகு தொடங்குகிற மாதிரி டைமர் போடுங்கள். இரவு ஆள் இல்லாத நேரத்தில் எங்குமே சார்ஜ் வேண்டாம். மாலை ஆறரைக்கு டைமர் தானாக அணைத்துவிடட்டும்.

காசும் ஆளும்

யூனிட்டுக்கு இவ்வளவு என்று விற்கப் போகும் முன் உங்கள் பகுதிக்குக் கரண்ட் விநியோகிக்கும் நிறுவனத்தின் பிரதேச அலுவலகத்தில் பேசுங்கள், கரண்டை மறுபடி விற்பதற்குத் தனி விதிமுறை இருக்கிறது. தரிப்பிடக் கட்டணமாக நாளுக்கு ஒரு தொகை, சார்ஜ் போடுபவருக்குக் கொஞ்சம் கூட, இதுதான் கணக்குக்கும் சுலபம். ஒரு வண்டிக்கு ஒன்றேகால், ஒன்றரை யூனிட்தான் போகும் என்பதால் கட்டணம் சின்னதாகவே இருக்கலாம்.

கமெராவை விட ஆள் நல்லது. சந்தையில் டிக்கெட் எழுதும் ஒருவர் பக்கத்திலேயே இருந்தால் அவருக்கு இதையும் சேர்த்துக் கொடுத்து, அதற்கான சம்பளத்தையும் கூட்டிக் கொடுங்கள். கூட்டாமல் வேலையை மட்டும் ஏற்றினால் ஒரு மாதத்தில் சாவி தொலைந்துபோகும். அறிவிப்புப் பலகை தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே அளவு எழுத்தில். வாசகம் நாலே வரி: நேரம், கட்டணம், நனைந்த பற்றரி வேண்டாம், ட்ரிப் விழுந்தால் அழைக்க வேண்டிய எண்.

கொங்கிரீட்டுக்கு முன் மூன்று மாதம்

முதலில் தரையில் பெயின்ட் கோடும், போல்ட்டில் கழற்றக்கூடிய நாலு கம்பியும், நாலு பிளக்கும் மட்டும். மூன்று மாதம் விட்டுப் பாருங்கள், அதில் ஒரு மழைக்காலமாவது வர வேண்டும். ஆட்கள் நீங்கள் போட்ட கோட்டில் நிற்காமல் இரண்டடி தள்ளி நிற்பார்கள். திட்டாதீர்கள், ஏனென்று பாருங்கள். அங்கே கூரை ஒழுகும், அல்லது நாய் படுத்திருக்கும், அல்லது மரக்கறிக் கடையின் கழிவுநீர் வரும். கோட்டை மாற்றுவது சுலபம்.

திறந்த பிறகு மாதம் ஒருமுறை, போயா தினத்துக்கு அடுத்த நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ட்ரிப் சுவிட்ச்சின் "டெஸ்ட்" பொத்தானை அமுக்கிப் பார்க்க வேண்டும். விழாவிட்டால் அன்றே மூடி, மாற்றிய பிறகுதான் திறக்க வேண்டும். தென்மேல் மழை ஓய்ந்ததும் ஒக்டோபரில் கம்பிகளின் அடியையும் போல்ட்டுகளையும் துருவுக்குப் பாருங்கள், எர்த்தை மறுபடி அளந்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி, பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். அதே கொப்பியின் பின்பக்கத்தில், இடமில்லாமல் திரும்பிப் போன வண்டிகளையும் டிக்கெட் எழுதுபவர் குறித்து வைக்கட்டும். ஐந்தாவது பிளக் எப்போது வேண்டும் என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.